அறுபதுக்கு மேல் இளைத்தால் சந்தோஷப்படலாமா?

‘என்ன மாமி, நல்லா இளைச்சுட்டீங்களே! என்ன ரகசியம்?’ என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் மனசு குளிர்ந்துதான் போகும். ஆனால், நீங்கள் சாப்பாட்டைக் குறைக்கவில்லை, நடையையும் கூட்டவில்லை என்றால்… விஷயத்தை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்!

‘பி.எம்.ஐ.’ கணக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எடை 62 கிலோ, உயரம் 155 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 62-ஐ 1.55-ஆல் வகுத்து, வந்ததை மறுபடியும் 1.55-ஆல் வகுங்கள். 25.8 வரும். இந்தியர்களுக்கு 23-ஐத் தொட்டால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் பருமன் என்று டாக்டர்கள் வைத்திருக்கிறார்கள். (இந்தக் கணக்குக்கு 1830-களில் அடிப்படை போட்ட பெல்ஜியம் நாட்டு க்வெட்லெட், டாக்டரே இல்லை. வானியலும் புள்ளிவிவரமும் தெரிந்தவர்!)

பேத்திக்குச் சரியாக வரும் இந்த அளவுகோல், பாட்டிக்கு அப்படியே பொருந்தாது. வயதாக ஆக முதுகெலும்பு அமுங்கி உயரம் குறையும். அதே அம்மா 150 செ.மீ. ஆகிவிட்டால் கணக்கு 27.6 ஆகிவிடும். ஒரு கிராம்கூட ஏறவில்லை, ஆனால் ‘குண்டு’ப் பட்டம்! இளமையில் இருந்ததைவிட 4 செ.மீ.க்கு மேல் குள்ளமாகியிருந்தால், எடையைவிட எலும்பைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

மாதவிடாய் நின்ற பிறகு கை, கால் சதை கரையும். கொழுப்பு வயிற்றில் சேரும். தராசு முள் அதே இடத்தில்தான் நிற்கும். அதனால் இன்ச் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது. அப்புறம், துணைக்கு ஒருத்தரை வைத்துக்கொண்டு, கையைக் கட்டியபடி நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆகிறதா? கால் சதை பலவீனமாகிறது என்று அர்த்தம்.

65 தாண்டியவர்கள் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பதால் ஆயுள் குறைவதில்லை, 22, 23-க்குக் கீழே போவதில்தான் ஆபத்து என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. சர்க்கரை, முழங்கால் வலி இருந்தால் எடை குறைக்கத்தான் வேண்டும். அதற்காக ராத்திரி வெறும் மோரைக் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். கொழுப்போடு சதையும் போய்விடும். பருப்பு, சுண்டல், தயிர், முட்டை என்று ஏதாவது ஒன்று வேளாவேளைக்கு இருக்கட்டும்.

மாதம் ஒரு தடவை எடை பார்த்து தினசரி காலண்டரில் குறித்து வையுங்கள். 60 கிலோ இருந்தவர் ஆறு மாதம், ஒரு வருஷத்தில் தானாகவே 3 கிலோ குறைந்தால் சும்மா இருக்காதீர்கள். சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு… எதுவாகவும் இருக்கலாம். சில சமயம் பல்செட் சரியாகப் பொருந்தாமல், மெல்ல முடியாமல் அரைவயிறு சாப்பிடுவதுகூடக் காரணமாக இருக்கும். டாக்டரிடம் போகும்போது அந்தக் காலண்டர் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.