மூச்சடக்கலும் மூச்சுவிடலும்

எங்கள் சிதறால், சமணர் குன்றினால் பெயர் பெற்ற ஊர், கடலால் அன்று. ஆயினும் எங்கள் பக்கத்துக் குழித்துறையாறு தேங்காய்ப்பட்டணத்தில் கடலோடு கலக்கின்றது. அவ்வாற்றில் நீந்திப் பழகியோருக்கு, நீருக்கடியில் யார் நெடுநேரம் மூச்சடக்குவார் என்னும் போட்டி புதிதன்று. அந்த மூச்சைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தோர், கல்லின் பாரத்தால் விரைந்து இறங்கி, அடக்கிய மூச்சு தீருமுன் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலே வருவர். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரம் ஓதுவோரும் உடனிருந்தனர்; மார்க்கோ போலோவும் இச்செய்தியைக் குறித்திருக்கிறார். சுறா கட்டுப்பட்டதோ இல்லையோ, குளிப்பவரின் நெஞ்சம் திடப்பட்டிருக்கும்! அங்கு அரசினர் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.

1943-இல் பிரான்சில் கூஸ்தோ, கஞ்ஞான் என்னும் இருவர் காற்றுக்குடுவையுடன் மூழ்கும் கருவியை உருவாக்கினர். சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடாகக் காற்றை அளிப்பதே அதன் சிறப்பு. இங்கே பழைய விதி தலைகீழாகின்றது: முத்துக்குளிப்பவர் மூச்சை அடக்கவேண்டும், குடுவையுடன் மூழ்குபவரோ ஒருபோதும் அடக்கலாகாது. ஏன்?

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் இரு மடங்கு. மேலிருந்து கொண்டுசென்ற மூச்சு அங்கே பாதியாகச் சுருங்கி, திரும்புகையில் பழைய அளவை அடையும், தீங்கில்லை. ஆனால் அவ்வாழத்தில் குடுவைக் காற்றை நுரையீரல் நிறைய இழுத்து, அதை அடக்கியபடியே மேலெழுந்தால், அக்காற்று இரு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். விரைந்து எழுவதிலும் ஆபத்துண்டு. ஆழத்தில் குருதியில் கரைந்த நைட்ரஜன், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் குமிழ்களாகக் கிளம்பும். ஆகவே நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒன்பது மீட்டருக்கு மிகாமல் ஏறி, மேற்பரப்பை அடையுமுன் ஐந்து மீட்டர் ஆழத்தில் சற்றுத் தங்குதல் வழக்கம்.

இனி, அங்கே நாம் காணும் உயிர்கள். பவளப்பாறையிடை மறைந்திருக்கும் நச்சுமுள் மீன்கள், தொடாதவரை நம்மைத் துன்புறுத்துவதில்லை. கடலாமையும் கடற்பசுவும் வேறு வகை. அவையும் நம்மைப்போல் நுரையீரலால் மூச்சுவிடுபவை! மீனவர் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு, மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடற்புல்லை மேய்ந்து, சில நிமிடங்களுக்கொருமுறை மூச்செடுக்க மேலே வரவேண்டும். அதற்கும் நீர்ப்பரப்புக்கும் இடையே மூழ்குபவர் நிற்றல் தகாது. நின்றால் அதன் மூச்சுக்கே தடையாவார். வலையில் சிக்கினாலோ, கடலிலேயே பிறந்த அவ்வுயிர் கடலிலேயே மூச்சுத்திணறி மடிகின்றது.

1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்டு கடல்சார் தேசியப் பூங்கா ஏற்பட்டது. 2022-இல் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு கடற்பசுக் காப்பகமாயிற்று. வலையில் அகப்பட்ட கடற்பசுவை உயிருடன் விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறையினர் வெகுமதி அளித்ததும் உண்டு. வலையை அறுத்தால் மீனவருக்கு அன்றைய பிழைப்புப் போயிற்று. தயங்கினால் கடற்பசுவின் மூச்சு போயிற்று. முடிவெடுக்க அவருக்குக் கிடைப்பதும் அச்சில நிமிடங்களே.