“தேர்வு பெறவில்லை” – இந்த ஒரு வரி போதுமா?

கோலகுபு பாரு இரயில் நிலையம் இருப்பது அம்பாங் பெச்சாவில்தான். அங்கே கொமுட்டர் ஏறினால் அடுத்த நிறுத்தம் தஞ்சோங் மாலிம். 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் உயர்கல்விக்கூடம் அந்த ஊரில் இருக்கிறது. தெற்கே போனால் கோலாலம்பூர். அங்கே மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இயங்கி வருகிறது. தோட்டப்புறத்தில் பிறந்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் இன்று எட்டாத தூரத்தில் இல்லை.

பட்டம் வாங்கிய பிறகுதான் அடுத்த கேள்வி வருகிறது. மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா? பிடிபிடிஎன் கடனை நம்பி இளங்கலையை முடித்துவிடலாம். முதுகலை, முனைவர் பட்டம் என்று வந்துவிட்டால் கதை வேறு. 23 வயதுப் பிள்ளை இன்னும் சம்பாதிக்கவில்லையே என்ற கவலை வீட்டில் இருக்கும். அந்த வேளையில் அரசாங்க நிதியுதவி கிடைக்கிறதா, இல்லையா என்பது ஒருவருடைய வாழ்க்கையின் போக்கையே மாற்றிவிடும்.

வானொலியில் கல்வி நிகழ்ச்சி நடத்தும் நாள்களில் இதைப் பற்றி நிறையப் புலனச் செய்திகள் வரும். அவற்றில் பாதிக்குமேல் ஒரே மாதிரி இருக்கும். “விண்ணப்பித்தேன். தேர்வு பெறவில்லை என்று பதில் வந்தது. காரணம் சொல்லவில்லை.” கிடைக்கவில்லை என்ற வருத்தத்தைவிட, ஏன் என்று தெரியவில்லையே என்ற வருத்தம்தான் அந்தக் குரல்களில் அதிகம்.

எது நியாயம்?

நியாயம் என்ற சொல்லை எல்லாரும் பயன்படுத்துகிறோம். ஆனால், ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்துகிறோம். நல்ல மதிப்பெண் பெற்றவருக்குக் கொடுப்பது நியாயம் என்பார் ஒருவர். ஏழைக்குக் கொடுப்பதுதான் நியாயம் என்பார் இன்னொருவர். மக்கள் தொகைக்கு ஏற்பப் பிரிப்பதே நியாயம் என்பார் மூன்றாமவர்.

பொதுச் சேவைத் துறையான ஜேபிஏ, எஸ்பிஎம் முடித்த மாணவர்களுக்கான வெளிநாட்டு உபகாரச் சம்பளத்துக்கு 2009-இல் அறிவித்த பங்கீட்டைப் பாருங்கள். 20 விழுக்காடு முழுக்கத் தகுதி அடிப்படையில், 60 விழுக்காடு இன விகிதாசாரப்படி, 10 விழுக்காடு சபா, சரவாக் பூமிபுத்ராக்களுக்கு, மீதி 10 விழுக்காடு வசதி குறைந்தவர்களுக்கு. நான்கு விதமான நியாயம் ஒரே பட்டியலில்! இந்தப் பங்கீடு சரியா, தவறா என்று விவாதிக்கலாம். ஆனால், விவாதிக்க முடிந்ததே அது வெளியில் சொல்லப்பட்டதால்தான். எந்தப் பிரிவில் போட்டியிடுகிறோம் என்று மாணவருக்கும் ஓரளவு தெரிந்தது.

அரசியலமைப்பும் இதில் இரண்டு பக்கமும் பேசுகிறது. பொதுப் பணத்திலிருந்து கல்வி உதவி வழங்கும்போது இனம், மதம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்துக் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது 12ஆவது விதி. மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் உபகாரச் சம்பளங்களில் நியாயமான பங்கை ஒதுக்க வழி செய்கிறது 153ஆவது விதி. அதே 153, மற்றச் சமூகங்களின் சட்டபூர்வ நலன்களையும் காக்க வேண்டும் என்று சேர்த்தே சொல்கிறது. நம்மில் பலர் ஒரு பாதியை மட்டுமே படித்துவிட்டுக் கோபப்படுகிறோம் அல்லது பயப்படுகிறோம். இரண்டையும் சேர்த்துப் படித்தால், “எங்களுக்கும் கேட்க உரிமை உண்டு” என்று நிதானமாகச் சொல்லலாம்.

அக்காவுக்குக் கிடைத்தது, தம்பிக்கு இல்லை

முதுகலைக் கல்விக்கு அரசு கொண்டுவந்த பெரிய திட்டம் மைபிரெய்ன்15. பத்தாவது மலேசியத் திட்டக் காலத்தில் நடந்தது. 2023-க்குள் நாட்டில் 60,000 முனைவர் பட்டதாரிகள் என்ற இலக்கு அதன் பின்னால் இருந்தது. மைமாஸ்டர், மைபிஎச்டி என்ற பிரிவுகளில் பல ஆயிரம் பேர் பயனடைந்தார்கள். நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிலும் முதுகலை முடிக்க இதைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. பிறகு அரசு செலவைக் குறைத்த 2016 வாக்கில் மைமாஸ்டருக்குப் புதியவர்களைச் சேர்ப்பது நின்றது. 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில்தான் மைபிரெய்ன் 2.0 என்ற பெயரில் திட்டம் மீண்டும் அறிவிக்கப்பட்டது.

இடையில் படித்து முடித்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரே வீட்டில் அக்கா 2013-இல் பட்டதாரி, தம்பி 2017-இல் பட்டதாரி. இருவருக்கும் ஒரே மதிப்பெண், ஒரே குடும்ப வருமானம். அக்காவுக்குக் கதவு திறந்திருந்தது, தம்பி வந்தபோது மூடியிருந்தது. யாரும் அவனைப் பாகுபடுத்தவில்லை. ஆனாலும் நியாயம் நடக்கவில்லை. திட்டம் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆண்டுதோறும் தொடர்ந்து இருக்க வேண்டும்.

இந்தியாவிலும் இதே வேதனை உண்டு. தாழ்த்தப்பட்ட சமூக மாணவர்கள் வெளிநாட்டில் முதுகலை, முனைவர் பட்டம் படிக்க உதவும் தேசிய வெளிநாட்டு உபகாரச் சம்பளத்துக்கு 2025-இல் 106 பேர் தேர்வானார்கள். முதற்கட்டமாக 40 பேருக்கு மட்டுமே கடிதம் வந்தது. மற்றவர்களுக்கு “நிதி இருந்தால்” என்று பதில். தகுதி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கச் சொல்வது, பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலை போடாமல் இருப்பது போலத்தான்.

வருமானக் கோடு எங்கே விழுகிறது?

ஏழைகளுக்குக் கொடுக்கிறோம் என்று சொல்லும் உதவிகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு குடும்ப வருமான ஆய்வின்படி மாதம் 5,250 வெள்ளிக்குக் குறைவாக ஈட்டும் குடும்பம் பி40. அந்த ஆண்டு மே மாதம் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி ஆனது. தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ அந்தச் சம்பளத்துக்கு மூன்று பேர் வேலை செய்யும் வீட்டை எடுத்துக்கொள்வோம். மூவரும் தலா 250 வெள்ளிக்கு ஓவர்டைம் செய்தால் மொத்தம் 5,250. கணக்குப்படி அந்த வீடு எம்40 ஆகிவிடும். அதே வீட்டில் ஏழு பேர் சாப்பிடலாம். பக்கத்து வீட்டில் ஒரே ஆள் 5,200 வெள்ளி சம்பாதித்து மூன்று பேர் சாப்பிட்டால், அந்த வீடு பி40.

தாத்தா, பாட்டி, சித்தப்பா என்று சேர்ந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இந்தக் கோடு அடிக்கடி தவறான இடத்தில் விழுகிறது. வீட்டில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வருமானக் கணக்குக்கு அர்த்தம் வரும்.

சுவீடன் சொன்ன பாடம்

தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் நேர்மையானவர்களாக இருந்தாலும் முடிவு சாய்ந்துவிடலாம். 1995-இல் சுவீடன் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு உதவிக்கு 62 ஆண்களும் 52 பெண்களும் விண்ணப்பித்தார்கள். தேர்வான 20 பேரில் 16 பேர் ஆண்கள். கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டீன் வென்னராஸ், அக்னஸ் வோல்ட் இருவரும் மதிப்பெண் தாள்களைக் கேட்டார்கள். மன்றம் மறுத்தது. நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. ஆராய்ந்து பார்த்ததில், ஆணுக்குக் கிடைத்த அதே மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் சுமார் இரண்டரை மடங்கு சாதித்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. குழுவில் தெரிந்தவர் இருந்த விண்ணப்பதாரருக்குக் கூடுதல் மதிப்பெண் விழுந்ததும் தெரிந்தது. 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இந்தக் கட்டுரையைப் பல நாடுகள் திரும்பிப் பார்த்தன. தாள்கள் பூட்டியே இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

நமக்கு இதில் ஒரு நேரடிப் பாடம் இருக்கிறது. ஆய்வு மாணவர்களுக்கான அரசுப் பணத்தில் ஒரு பகுதி உபகாரச் சம்பளமாக வருவதில்லை. விரிவுரையாளர்கள் பெறும் ஆய்வு மானியங்கள் வழியாக, ஆய்வு உதவியாளர் வேலையாக வருகிறது. இப்படி ஒரு வழி இருப்பது பல நேரங்களில் துறைக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதலாம் என்று சொல்ல வீட்டில் ஒரு பட்டதாரி இருக்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு கிடைக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன தோட்டத்துப் பிள்ளைக்கு அப்படி ஒரு கதவு இருப்பதே தெரிவதில்லை.

என்ன கேட்கலாம், என்ன செய்யலாம்?

எல்லாருக்கும் நிதி கிடைக்காது. தகுதியுள்ள பலர் விடுபடத்தான் செய்வார்கள். ஆனால், நான்கு விஷயங்களை எந்த அரசும் பெரிய செலவில்லாமல் செய்யலாம். எதற்கு எத்தனை புள்ளி என்று முன்கூட்டியே சொல்லலாம். கிடைக்காதவருக்குக் காரணத்தை எழுதிக் கொடுக்கலாம். மேல்முறையீட்டுக்கு வழியும் காலக்கெடுவும் வைக்கலாம். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எந்த மாநிலம், எந்த இனம், எந்த வருமானப் பிரிவிலிருந்து எத்தனை பேர் தேர்வானார்கள் என்று ஆண்டுதோறும் வெளியிடலாம்.

சிலாங்கூரில் 2011 முதல் தகவல் சுதந்திரச் சட்டம் உண்டு. மாநில அரசுத் துறைகளிடம் தகவல் கேட்டு நாம் விண்ணப்பிக்கலாம். கூட்டரசு அமைப்புகளுக்கு அது பொருந்தாது என்றாலும், மாநில உதவிகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கலாமே.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. கடைசி நாள் இரவில் விண்ணப்பிக்காதீர்கள். அனுப்பியதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். நிராகரிப்பு வந்தால் காரணம் கேட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். இறுதியாண்டில் இருக்கும்போதே உங்கள் விரிவுரையாளரிடம், “ஆய்வு உதவியாளராகச் சேர வாய்ப்பு இருக்கிறதா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஏற்கெனவே முதுகலை முடித்த அண்ணன், அக்காமார்களே, உங்கள் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்காவது விண்ணப்பத்தைப் படித்துத் திருத்திக் கொடுங்கள். உங்களுக்கு ஒரு மணி நேரம்தான் செலவாகும். அந்தப் பிள்ளைக்கு அது மூன்று ஆண்டுப் படிப்பாக மாறலாம்.