மருந்து தெளிக்கும் நாளில் கைக்கொள்ள வேண்டிய வழக்கங்கள்

பூச்சிமருந்து வாய்வழியாகவும் மூச்சுவழியாகவும் மட்டுமே உடலுக்குள் செல்லும் என்று உழவர்கள் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், தெளிப்பவரின் உடலில் அது பெரும்பாலும் தோல் வழியாகவே சேர்கிறது. முன்னங்கையைவிட நெற்றியும் தொடை இடுக்கும் மருந்தை மிக விரைவாக உறிஞ்சும். நனைந்த உடையுடன் இருக்கும் நேரமெல்லாம் நஞ்சு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்கக் கீழ்க்கண்ட வழக்கங்கள் உதவும்.

1. தெளிப்பதற்கென்று முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, தொப்பி, முகமூடி ஆகியவற்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கலக்கும்போது ரப்பர் கையுறை அவசியம். நீர் சேர்க்காத மருந்தே அதிகக் கேடு செய்யும்.

2. வெயில் தணிந்த வேளையில் தெளியுங்கள். காற்றுக்கு எதிராகத் தெளிக்கக் கூடாது.

3. நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதாதீர்கள். பழைய பல் பிரஷ்ஷைக் கொண்டு நீரில் சுத்தம் செய்யுங்கள்.

4. சோப்பினால் கை கழுவாமல் பீடி, வெற்றிலை, தேநீர் எதையும் தொடாதீர்கள்.

5. வேலை முடிந்தவுடன் சோப்புத் தேய்த்துக் குளியுங்கள். அந்த உடையைக் குழந்தைகளின் துணிகளோடு சேர்த்துத் துவைக்கலாகாது.

தலைவலி, மிகுந்த வியர்வை, வாந்தி, கண் மங்கல் தோன்றினால் வெயிலின் களைப்பென்று விட்டுவிடாதீர்கள். உடையைக் களைந்து, உடலைக் கழுவி, மருந்தின் லேபிளுடன் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 108 ஆம்புலன்சையும் அழைக்கலாம்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. அடுத்த தெளிப்பன்று ஒரு குடம் நீரும் ஒரு சோப்புக்கட்டியும் வரப்பில் இருக்கட்டும். மற்ற வழக்கங்கள் எளிதில் படிந்துவிடும்.