பெயர்ப்பலகைக்கும் ஒரு பங்கு

மதுரை பசுமலைக் குன்றின் மேலுள்ள ஹோட்டலுக்கு முன்பு தாஜ் கார்டன் ரிட்ரீட் என்று பெயர். பிறகு அது கேட்வே ஆனது. தங்க வருகிறவர்கள் அதை தாஜ் குழுமத்தின் நேரடி ஹோட்டல் என்றே நினைப்பார்கள். ஆனால், அதன் வரவு செலவு, சென்னையில் 1970-ல் தொடங்கப்பட்ட ஓரியண்டல் ஹோட்டல்ஸ் நிறுவனத்தின் கணக்கில் வருகிறது. 1974-ல் திறக்கப்பட்ட சென்னை தாஜ் கோரமண்டலும் இதே நிறுவனத்துடையதுதான். இவற்றை நடத்தித் தருவது இந்தியன் ஹோட்டல்ஸ் கம்பெனி. அதற்குக் கட்டணம் உண்டு.

பெரிய நகரங்களின் சமாசாரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கம்பத்திலிருந்து கூடலூர், லோயர் கேம்ப் வழியாக மலையேறினால் குமுளி, தேக்கடி. கார்த்திகை பிறந்தால் சபரிமலை பக்தர்களின் வண்டிகள் இந்தச் சாலையில் வரிசை கட்டும். மேகமலைக்கும் சுருளி அருவிக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சொந்த இடத்தில், வங்கிக் கடனில் ஹோட்டல் கட்டும் ஒருவர், பிரபலமான பெயர் ஒன்றை வாங்கி மாட்டலாமே என்று யோசிப்பது இயல்பு. யோசிக்கும்போதே அந்தப் பெயர் கணக்குப் புத்தகத்தில் எந்த இடத்தில் உட்காரும் என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டால், விளைச்சல் பொய்த்தாலும் நட்டம் குத்தகைக்காரருக்கு. தோட்டக்காரருக்குப் பேசிய பணம் வந்துவிடும். ஹோட்டல் நிர்வாக ஒப்பந்தம் இதற்குத் தலைகீழ். கட்டடம், கடன், சம்பளம், நட்டம் எல்லாம் உரிமையாளர் தலையில். நடத்துகிறவர் தன் கட்டணத்தை முதலில் எடுத்துக்கொள்வார்.

அந்தக் கட்டணம் பெரும்பாலும் இரண்டு அடுக்கு. மொத்த வருமானத்தில் குறிப்பிட்ட சதவீதம் அடிப்படைக் கட்டணம். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். இயக்க லாபத்தில் ஒரு பங்கு ஊக்கக் கட்டணம். இவை போக விளம்பரம், முன்பதிவு வசதி, வாடிக்கையாளர் பாயின்ட் திட்டம் என்று தனித்தனி பில்கள் வரும். பெயரை மட்டும் வாங்கி ஹோட்டலைத் தானே நடத்துகிறவர் ராயல்டி கட்டுவார்.

இவற்றை எங்கே எழுதுவது என்பதற்கு உலக ஹோட்டல் துறையில் பொதுவான கணக்கு முறை ஒன்று இருக்கிறது. 1926-ல் நியூயார்க் ஹோட்டல் சங்கம் வெளியிட்டது. காலத்துக்கேற்பத் திருத்தப்பட்டு வருகிறது. அதன்படி ராயல்டியும் விளம்பரப் பங்கும் விற்பனைச் செலவில் சேரும். அதாவது, மொத்த இயக்க லாபம் என்ற வரிக்கு மேலேயே கழிந்துவிடும். நிர்வாகக் கட்டணம் அந்த வரிக்குக் கீழே வரும்.

மேலே, கீழே என்பதில் என்ன இருக்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 அறை, சராசரி வாடகை 3,000 ரூபாய், சாப்பாட்டு வருமானமும் சேர்த்து ஆண்டுக்கு 4 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம், முன்பதிவுக்கான 8 லட்சம் உட்பட எல்லாச் செலவும் போக இயக்க லாபம் 1.2 கோடி. அடிப்படைக் கட்டணம் 3 சதவீதம் என்றால் 12 லட்சம். ஊக்கக் கட்டணம் 8 சதவீதம் என்றால் 9.6 லட்சம்.

அந்த 8 லட்சத்தை இயக்க லாபம் என்ற வரிக்குக் கீழே எழுதினால் லாபம் 1.28 கோடியாகத் தெரியும். ஊக்கக் கட்டணம் 64,000 ரூபாய் கூடிவிடும். மாறாக, அடிப்படைக் கட்டணத்தைக் கழித்த பிறகே ஊக்கக் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் 96,000 ரூபாய் குறையும். 20 ஆண்டு ஒப்பந்தத்தில் அந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு 19.2 லட்சம்.

வரி இன்னும் கடுமையான இடம். 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். விருந்தினருக்கு நல்ல செய்தி. ஆனால், ஹோட்டல்காரர் தான் கட்டிய வரியைத் திரும்ப வரவு வைக்க முடியாது. மேலே சொன்ன மூன்று கட்டணங்களும் சேர்ந்து 29.6 லட்சம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 5,32,800 ரூபாய். கம்பத்து வாடகையில் இது அப்படியே செலவு. 7,500-க்கு மேல் அறை விற்கும் ஹோட்டலோ இந்த வரியைத் தன் 18 சதவீதத்தில் கழித்துக்கொள்ளும்.

தொடக்கத்தில் ஒருமுறை கட்டும் சேர்க்கைக் கட்டணத்தை முதலாண்டுச் செலவாகவே எழுதிவிடக் கூடாது. 10 ஆண்டு ஒப்பந்தத்துக்கு 20 லட்சம் கொடுத்தால், அது சொத்தாகப் பதிவாகி ஆண்டுக்கு 2 லட்சமாகக் கரைய வேண்டும். ஊக்கக் கட்டணத்தை மாதாமாதம் தற்காலிகமாக ஒதுக்கினாலும், முடிவு ஆண்டுக் கணக்கில்தான் இருக்க வேண்டும். சபரிமலை சீசனில் எடுத்த பங்கை, ஆளில்லாத மாதங்களின் நட்டத்தோடு நேர் செய்ய ஒப்பந்தத்தில் இடமில்லை என்றால் உரிமையாளர் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

கட்டணத்தை வாங்குகிற பக்கத்திலும் சிக்கல் உண்டு. டெல்லி, மும்பை ஹோட்டல்களுக்காக ஏஷியன் ஹோட்டல்ஸ் நிறுவனத்தோடு 2008-ல் 20 ஆண்டு ஒப்பந்தம் போட்ட துபாயின் ஹயாத் நிறுவனம், தனக்கு இந்தியாவில் அலுவலகமே இல்லை என்று வாதாடியது. அதன் கட்டணம் அறை வருமானம், இயக்க லாபம் ஆகியவற்றோடு இணைந்திருந்தது. ஹோட்டலின் அன்றாட நடப்பில் அதற்கு இருந்த பிடியைப் பார்த்த உச்ச நீதிமன்றம், இங்கே அதற்கு நிலையான தொழிலிடம் இருக்கிறது, வரி உண்டு என்று 2025 ஜூலை 24-ல் தீர்ப்பளித்தது.

ஓரியண்டல் ஹோட்டல்ஸ் பங்குச்சந்தையில் உள்ள நிறுவனம். இந்தியன் ஹோட்டல்ஸ் அதன் புரமோட்டர். எனவே, இருவருக்கும் இடையிலான கட்டணம் ஆண்டறிக்கையில் தொடர்புடையவர்களின் பரிவர்த்தனையாக வெளியாகிறது. யாரும் எடுத்துப் பார்க்கலாம். தனி உரிமையாளருக்கு அந்த வெளிச்சம் தானாக வராது. நடத்துகிறவரின் கணக்கைத் தன் ஆடிட்டரை வைத்துச் சரிபார்க்கும் உரிமையை அவர் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். கணக்கு முறையின் எந்தப் பதிப்பைப் பின்பற்றுவது என்பதையும் அதில் எழுதிவிட வேண்டும். 12-வது பதிப்பு 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.