உங்களை நீங்களே மன்னித்ததுண்டா?

பிள்ளை தட்டை உடைத்தால் "போகட்டும் போ" என்று விட்டுவிடுகிறோம். நாத்தனார் சுடுசொல் சொன்னாலும் நாலு நாளில் மறந்துவிடுகிறோம். ஆனால் நம் கையால் ஒரு தவறு நேர்ந்துவிட்டால் மட்டும் நம்மை நாமே லேசில் விடுவதில்லை. ராத்திரி படுத்தால் அதே நினைப்புத்தான்!

எங்கள் புதுவையில் எனக்குத் தெரிந்த ஓர் இளம் தாய். ரமலான் மாதம், நோன்பு திறக்கிற நேரம். கஞ்சிப் பாத்திரத்தை இறக்கித் தரையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள், தவழ்ந்து வந்த குழந்தை அதில் கையை விட்டுவிட்டது. நல்ல வேளை, மாவு, மை என்று எதையும் பூசாமல் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கையைக் காட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். புண் ஆறிவிட்டது. தாயின் மனசு ஆறவில்லை. "எந்த முகத்தோடு அல்லாஹ்விடம் கையேந்துவேன்?" என்று தொழுகைப் பாயையே சுருட்டி வைத்துவிட்டாள்.

அவளுடைய பெரியம்மா சொன்னார்: "தெரியாம நேர்ந்தது வேற, வேணும்னு செஞ்சது வேறம்மா. நேர்ந்ததுக்கு அல்லாஹ் குற்றம் பிடிக்கிறதில்லே. நீ ஏன் பிடிக்கிறே?"

உண்மைதான். தவறுதலாகச் செய்வதில் குற்றமில்லை, மனமறிந்து செய்வதே குற்றம் என்று திருக்குர்ஆனின் 33-ஆம் அத்தியாயம் பிரித்துச் சொல்கிறது.

சரி, வேண்டுமென்றே செய்துவிட்டோம் என்றால்? கோபத்தில் பிள்ளையை அடித்தோம், ஒருத்தியைப் பற்றிப் புறம் பேசினோம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் வழி இருக்கிறது. தவ்பா என்பார்கள். அந்தச் செயலை நிறுத்த வேண்டும். மனம் வருந்த வேண்டும். இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். இன்னொருவருக்குத் தீங்கு செய்திருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். நடுவில் ஆள் தேவையில்லை. இறைவனிடம் நேரே கேட்கலாம். தமக்குத் தாமே தீங்கு செய்துகொண்டவர்களும் இறையருளில் நம்பிக்கை இழக்கக் கூடாது என்கிறது 39-ஆம் அத்தியாயம். அதற்குப் பிறகும் பழியைச் சுமப்பது பக்தி ஆகுமா?

ஆதி மனிதர் ஆதமும் ஹவ்வாவும் தவறியபோது, திருக்குர்ஆன் பழியைப் பெண் தலையில் மட்டும் போடவில்லை. இருவரும் தவறினார்கள், இருவரும் சேர்ந்தே மன்னிப்புக் கேட்டார்கள் என்கிறது.

ரஹ்மான், ரஹீம் என்ற இறைவனின் இரு பெயர்களும் கருணையைக் குறிப்பவை. அரபு மொழியில் கருப்பைக்கான சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான்! அந்தக் கருணையாளனைத்தான் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792-1838) 'றகுமான் கண்ணி' என்று தமிழில் பாடினார்.

போர்க் கைதிகளிடையே ஒரு தாய் தன் குழந்தையைத் தேடிக் கண்டுபிடித்து, மார்போடு அணைத்துப் பாலூட்டினாளாம். இவள் தன் பிள்ளையை நெருப்பில் போடுவாளா என்று நபிகள் நாயகம் தோழர்களைக் கேட்டார். மாட்டாள் என்றார்கள். இந்தத் தாயை விட இறைவன் தன் அடியார்கள் மீது இரக்கமுள்ளவன் என்றார் நபிகள்.

பிரசவமான பெண்கள் சிலர், "தொழ முடியலியே" என்று குமைவதைப் பார்க்கிறேன். பிரசவ ரத்தப் போக்கு நிற்கும் வரை தொழுகை அவர்கள் மேல் கடமையே இல்லை; பிறகு ஈடுசெய்யவும் வேண்டாம். விட்ட நோன்பைப் பின்னால் நோற்றால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஓயாமல் அழுகை, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் என்றால் அது வெறும் மனக்குறை அல்ல, நோயாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டத் தயங்காதீர்கள். ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022-இல் தொடங்கிய 'டெலி மனஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். துஆவும் கேட்போம், மருந்தும் சாப்பிடுவோம். இரண்டும் அவன் அருள்தானே!