இடமறிந்து அமைத்தல்

சென்னைப் பட்டினப்பாக்கத்துக் கடற்கரையில் மீனவர் தம் படகுகளைக் கரையேற்றும்போது, இத்தனையாவது அடியில் நிறுத்துக என அளவு குறிப்பதில்லை; அலை எட்டாத மேட்டில், ஒன்றையொன்று இடியாவண்ணம் நிறுத்துவர். கடல் பொங்கிக் கரையை அரிக்கும் நாளில் படகுகள் இன்னும் உள்ளே ஏறும். ஆயினும் ஒழுங்கு குலைவதில்லை. இடம் மாறினும் விதி மாறாமையே அதற்குக் காரணமாகும். கணிப்பொறித் திரையிலும் இவ்வுண்மை பயன்படுதலைக் காண்போம்.

கணிப்பொறியில் ஒரு செயலியைத் திறந்தால் சாளரம் ஒன்று தோன்றும். அதனுள் பொத்தான்களும் எழுதும் கட்டங்களும் பிற உறுப்புகளும் அமைந்திருக்கும். இடப்புறத்திலிருந்து 40 புள்ளி, மேலிருந்து 60 புள்ளி என ஒவ்வொன்றற்கும் எண்ணால் இடம் வகுத்தல் ஒரு முறை. ஆயின், சாளரத்தைச் சுருக்கினால் ஓரத்து உறுப்புகள் மறையும். விரித்தால் வெற்றிடம் மிகும். இக்குறையை நீக்குவதே தளவமைப்பு மேலாளர். மேலாளர் என்பது ஈண்டு ஆள் அன்று. நிரலின் ஒரு பகுதியே. உறுப்புகள் ஒன்றோடொன்று எவ்வாறு இயைய வேண்டும் என்று நாம் விதித்தால் போதும். இடத்தையும் அளவையும் அதுவே கணக்கிடும். சாளரம் மாறுந்தோறும் மீண்டும் கணக்கிடும்.

1996இல் வெளிவந்த ஜாவாவின் முதற்பதிப்பிலேயே இவ்வகை மேலாளர்கள் சில இடம்பெற்றன. அவற்றுள் ஃபுளோலேஅவுட், பந்தியில் இலையிடுதல் போன்றது; ஒரு வரிசை நிறைந்ததும், எஞ்சியவற்றை அடுத்த வரிசையில் அமர்த்தும். கிரிட்லேஅவுட், பல்லாங்குழிப் பலகைபோல இடத்தைச் சம அளவாகப் பகுக்கும். பார்டர்லேஅவுட், மயிலைத் திருக்கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளை நினைவூட்டும். நாற்றிசைக்கும் ஒவ்வோர் உறுப்பை வைத்து, எஞ்சிய இடம் முழுவதையும் நடுவிலுள்ளதற்கே வழங்கும்.

இதனால் தமிழுக்கு விளையும் நன்மை பெரிது. 'சேவ்' என்பது 'சேமி' எனச் சிறிதாகவே நிற்கும். 'கேன்சல்' என்பதோ 'இரத்துச் செய்' என நீளும். ஆங்கிலச் சொல்லுக்கென அளந்து வைத்த பொத்தானில் தமிழ்ச்சொல் பாதி வெட்டுண்டு நின்றால் படிப்பவர்க்குப் பொருள் விளங்குமோ? அவர் மீண்டும் ஆங்கிலத்தையே நாடுவார். மொழிபெயர்த்தவர் உழைப்பும் வீணாகும். குனோம், கேடிஇ முதலிய கட்டற்ற மென்பொருள்களைத் தன்னார்வலர் பலர் தமிழாக்கியுள்ளனர். அவர்தம் சொற்கள் திரையில் முழுமையாகத் தோன்றுதற்கு, சொல்லின் நீளத்திற்கேற்ப விரிந்துகொடுக்கும் பொத்தான்கள் வேண்டும். அவ்விரிவைத் தருவது தளவமைப்பு மேலாளரே.

ஆதலின், மாணவர்களே, நாளை நீவிர் நிரல் எழுதுங்கால் உறுப்புகளை எண்ணால் ஆணியடித்து நிறுத்தாதீர். அவற்றின் இயைபை விதியாக உரையுங்கள். பின்வரும் சொல் நெடிதாயினும் அதற்கும் அங்கே இடமுண்டாகும்.