எடை ஏறினாலே தைராய்டுதானா?

‘சாப்பாடு அதேதான் டாக்டர், எடை மட்டும் ஏறுது!’ நாற்பதைத் தாண்டிய பெண்கள் பலரின் புலம்பல் இது. உடனே பழி தைராய்டு மேல் விழும். ஆனால், தைராய்டு குறைவால் கூடுவது பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான். அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். மெனோபாஸை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வயிற்றில் கொழுப்பு சேர்வதும், வயதோடு தசை குறைவதும்தான் பலருக்கு நிஜக் காரணம்.

இளைப்பதற்காகத் தைராய்டு மாத்திரையைத் தாமாகவே கூட்டிப் போடுவது விபரீதம். படபடப்பு வரும், எலும்பும் தேயும். மாத்திரையை விழுங்கிய கையோடு காபி குடிக்கும் பழக்கம் இருந்தால், டாக்டரிடம் மறைக்காதீர்கள். வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் சாப்பிடுகிறீர்களா? ரத்தப் பரிசோதனைக்கு முன்பே அதையும் சொல்லிவிடுங்கள். ரிசல்ட்டையே அது மாற்றிக் காட்டிவிடும்.